ஒரகடத்தில் மனை யாருக்கு, கட்டில் யாருக்கு?

வாலாஜாபாத்திலிருந்து வண்டலூர் சாலையில் ஒரகடம் போனால் வழியெல்லாம் வீட்டுமனை விளம்பரங்கள். ஆனால், இந்தப் பக்கத்து ஆலைகளில் ஷிஃப்ட் பார்க்கும் பெண்கள் பலருக்கு வாய்ப்பது ஹாஸ்டல் கட்டில்தான்.

2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஐபோன் தயாரிப்பவர்கள். அறைகளில் இருந்த நெரிசல் அப்போதுதான் வெளியே தெரிந்தது. கட்டில்கூட இல்லாமல் தரையில் படுத்தவர்களும் உண்டாம்!

2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் சிப்காட் விடுதி திறக்கப்பட்டது. செலவு 706.50 கோடி ரூபாய், படுக்கைகள் 18,720. கணக்குப் போட்டால் ஒரு படுக்கைக்குச் சுமார் 3.77 லட்சம்.

சிங்கப்பூரிலும் இப்படித்தான். குடிமக்களில் பெரும்பாலோருக்கு அரசு அடுக்குமாடி வீடு. நம்மூர் கட்டடத் தொழிலாளிகளுக்குத் தங்குவிடுதி. 2020-ல் அங்கே கொரோனா அதிகம் பரவியதும் அந்த விடுதிகளில்தான்.

வல்லம் வடகால் விடுதி நல்ல மாற்றம், சந்தேகமில்லை. ஆனால், அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமாகிக் குழந்தை பிறந்தால், ஒற்றைக் கட்டிலில் எப்படிக் குடித்தனம் நடத்துவாள்?