ஓடாத வண்டி சொல்லித் தரும் பாடம்

‘ரோபோ’ என்றதும் நம் பிள்ளைகளின் கண்முன் வருவது சினிமாவில் கண்ட இரும்பு மனிதன். பெற்றாருக்கோ அது ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பெரிய தொழிற்சாலைகளில் இருக்கும் ஏதோ ஒன்று. காணியையும் வீட்டையும் விட்டு வந்து, தகரக் கூரையின் கீழ் நாளைய சோற்றுக்கு வழி தேடும் குடும்பத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பது நியாயமே. ஆயினும், ஹேவாஹெட்ட மலைப்பக்கத்திலும்கூட, பாடசாலை விட்டு வந்த பிள்ளை இரண்டு சிறு மோட்டர்களையும் உள்ளங்கையளவு மின்பலகை ஒன்றையும் வைத்துக்கொண்டு, தானே வழிபார்த்து ஓடும் வண்டி ஒன்றைச் செய்ய முயல்வது இன்று நடக்கக்கூடிய காரியம். அந்த முயற்சியில் பிள்ளை படும் பாட்டையும், பக்கத்திலிருக்கும் பெற்றார் செய்யக்கூடியதையும் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

சொல்லுக்குள் இருக்கும் வரலாறு

‘ரோபோ’ என்ற சொல்லை உலகுக்குத் தந்தவர் செக் நாட்டு எழுத்தாளர் கரேல் சாப்பெக். 1920இல் அவர் எழுதிய நாடகமொன்றில், மனிதருக்காக உழைக்கவென்றே செய்யப்பட்ட செயற்கை வேலையாட்களுக்கு இந்தப் பெயர் வந்தது. செக் மொழியில் ‘ரொபோத்தா’ என்றால் கட்டாய உழைப்பு. நிலப்பிரபுவுக்குக் குடியானவன் கூலியின்றிச் செய்து கொடுத்த ஊழியம். நம் நாட்டில் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட இராஜகாரிய முறையை நினைத்துக்கொண்டால் பொருள் விளங்கும்.

ஆகவே இந்தச் சொல் நமக்கு அந்நியமானதல்ல. பிறர் கட்டளைக்கு இயங்கும் கைகளாகவே பல தலைமுறைகள் வாழ்ந்த மக்கள் நாம். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981இல் மனித உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், தொழில்நுட்பம் மனிதனுக்குத் துணையாகவும் வரலாம், எதிரியாகவும் மாறலாம் என்று எச்சரித்தார். இயந்திரத்தின் உள்ளே நடப்பதை அறிந்தவனுக்கு அது துணையாகும் வாய்ப்பு அதிகம். நம் பிள்ளைகள் அதை அறிய வேண்டும் என்று நாம் விரும்புவது இதனால்தான்.

நம் மலையில் பிறந்த இயந்திரம்

புதிதாக ஓர் இயந்திரம் செய்யத் தொடங்குகிறவனுக்கு வழிகாட்டும் உதாரணம் நம் அருகிலேயே இருக்கிறது. ஹேவாஹெட்ட பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில், 1867இல், ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். 1852இல் கோப்பித் தோட்ட வேலைக்காக இலங்கைக்கு வந்தவர் அவர். தேயிலை செய்யும் தொழிலை அவர் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. தெரிந்தவர்களிடம் கேட்டும், செய்து பார்த்துமே பழகினார்.

தொடக்கத்தில் அவரிடம் தொழிற்சாலை இல்லை. பங்களா விறாந்தையே தொழிற்சாலை. மேசைமேல் கொழுந்தைப் பரப்பி, தொழிலாளர் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கையை அழுத்தி உருட்டினார்கள். களிமண் அடுப்பில் கரி நெருப்பிட்டு, கம்பித் தட்டில் இலையைக் காயவைத்தார்கள். தேயிலை நட்டு ஐந்து ஆண்டுகள் கழித்து, 1872இல், இலையை உருட்டும் பொறி ஒன்றைத் தன் யோசனைப்படி கண்டியில் செய்வித்துக்கொண்டிருப்பதாக டெய்லர் ஒரு கடிதத்தில் தெரிவித்தார். கொழுந்து பறிக்க ஆகும் செலவுக்கு ஏறக்குறையச் சமமாக உருட்டும் செலவும் ஆகிறது என்பதை அவர் கணக்கிட்டிருந்தார். 1873இல் லூல்கந்துரவிலிருந்து 23 இறாத்தல் தேயிலை இலண்டனுக்குப் போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. முதலில் வேலை கையால் நடந்தது; எந்த இடத்தில் சிரமம் அதிகம் என்று தெரிந்தது; அதன் பிறகே பொறி வந்தது. டெய்லரின் பெயரை எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. உருட்டிய கைகளைப் பற்றிச் சொல்லும் புத்தகங்கள் குறைவு. ஆனால் அந்தக் கைகள் செய்து காட்டாமல் அந்தப் பொறி பிறந்திருக்காது.

வண்டிக்கு என்ன வேண்டும்?

பிள்ளைகள் முதலில் செய்யும் ரோபோ பெரும்பாலும் மூன்று சில்லு வண்டி. பின்னால் இரண்டு சில்லுகளுக்கு இரண்டு மோட்டர்கள்; முன்னால் எப்பக்கமும் திரும்பும் சிறு சில்லு ஒன்று. எதிரே தடை இருக்கிறதா என்று பார்க்க ஓர் உணரி. மூளையாக ஒரு மின்பலகை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில், பொறியியல் படிக்காத மாணவர்களும் கையாளக்கூடியதாக உருவாக்கப்பட்ட ‘ஆர்டுயினோ’ பலகையே இன்று அதிகம் பழக்கத்தில் உள்ளது. செய்நிரலைக் கணினியில் எழுதி, வயர் வழியாகப் பலகைக்குள் ஏற்றிவிட்டால் பின்னர் கணினி தேவையில்லை.

உடைந்த விளையாட்டுக் காரின் மோட்டர், பழைய வானொலியின் வயர், போத்தல் மூடி, தடித்த மட்டை ஆகியவையும் உதவும். பொருளைச் சேர்ப்பது எளிது. சேர்த்த வண்டி ஓடாமல் நிற்கும்போதுதான் பாடம் தொடங்குகிறது.

முதல் தடை: மின்சாரம்

மின்சாரத்தை விளங்கிக்கொள்ள நம்மவர்களுக்குப் பீலித் தண்ணீரே போதும். ஊற்று எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அது மின்னழுத்தம். வோல்ற் கணக்கில் சொல்வது அதையே. குழாயில் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறதோ, அது மின்னோட்டம். அம்பியர் கணக்கு அதற்குரியது.

பிள்ளைகள் கடையில் முதலில் வாங்குவது சதுரமான சிறிய 9 வோல்ற் பற்றரி. அது உயரத்திலுள்ள ஊற்றுத்தான், ஆனால் குழாய் மிக ஒடுக்கம். மோட்டர் புறப்படும் கணத்தில் நிறைய மின்னோட்டம் கேட்கும். பற்றரியால் கொடுக்க முடியாது, அழுத்தம் சரியும், பலகை நின்று மறுபடி முதலிலிருந்து தொடங்கும். வண்டி ஒரு துடிப்புத் துடித்து நிற்கும், மறுபடி துடிக்கும். பிள்ளையோ செய்நிரலில் பிழை என்று எண்ணி, சரியாக இருக்கும் செய்நிரலை இரவிரவாகத் திருத்திக்கொண்டிருக்கும்.

அடுத்த பிழை, மோட்டரை நேரே பலகையோடு இணைப்பது. பலகையின் ஒரு முனை பாதுகாப்பாகத் தரக்கூடியது 20 மில்லியம்பியர் அளவு. மோட்டர் கேட்பதோ நூற்றுக்கணக்கில். துரை தானே கொழுந்துக் கூடை சுமப்பதில்லை, கங்காணியிடம் சொல்வார், வேலை நடக்கும். அதுபோலப் பலகைக்கும் மோட்டருக்கும் நடுவே ‘மோட்டர் இயக்கி’ என்ற சிறு சுற்று வேண்டும். பலரும் வாங்கும் ‘எல் 298’ இயக்கி தன் வழிச்செலவாக ஏறக்குறைய 2 வோல்ற்றை எடுத்துக்கொள்ளும். நான்கு பென்ரோச் பற்றரிகளின் 6 வோல்ற்றில் மோட்டருக்கு 4 தான் மிஞ்சும். மறுபடி மின்னேற்றக்கூடிய 1.2 வோல்ற் பற்றரிகள் ஆறு சேர்த்தால் 7.2 வோல்ற், வண்டி நகரும்.

மோட்டருக்கு ஒரு பற்றரித் தொகுதி, பலகைக்கு வேறொன்று என்று வைக்கும்போது, இரண்டின் மறை முனைகளையும் ஒன்றாக இணைக்க வேண்டும். இதை மறந்தால், கட்டளை போகும், ஆனால் திரும்பிவரப் பாதை இராது, மோட்டர் அசையாது. புதியவர்கள் அதிக நேரத்தை இழப்பது இங்கேதான்.

வளைந்து போகும் வண்டி

நேரே போக வேண்டிய வண்டி ஒரு பக்கமாக வளைந்து போவது அடுத்த ஏமாற்றம். ஒரே கடையில் ஒரே நாளில் வாங்கிய இரண்டு மோட்டர்களும் ஒரே வேகத்தில் சுழலுவதில்லை. ஒரே சோடி மாடு என்றாலும் ஒன்று சற்று வேகமாக இழுப்பதை உழவர்கள் அறிவீர்கள். பலகையில் வேகத்தை 0 முதல் 255 வரை எண்ணால் குறிக்கலாம். வேகமான பக்கத்தின் எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போனால் வண்டி நேராகும்.

உணரிக்கும் தன் குணம் உண்டு. வௌவாலைப் போல, நம் காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தால் தூரத்தைக் கணிக்கும் உணரி அது. ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 340 மீற்றர் போகும். ஒரு மீற்றர் தூரத்திலுள்ள சுவரிலிருந்து எதிரொலி திரும்ப ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஆறு பங்கு போதும். ஆனால் தொங்கும் சேலையும் போர்வையும் ஒலியை உறிஞ்சிவிடும். சாய்வான பலகை வேறு பக்கம் திருப்பிவிடும். வண்டி சுவரைக் கண்டு நிற்கும், சேலையைக் காணாமல் முட்டும். அதன் கண்ணுக்கு அங்கே ஒன்றுமே இல்லை.

செய்நிரலிலோ ஒரு அரைப்புள்ளி விடுபட்டாலும் கணினி ஏற்காது. அது நல்ல பிழை, கணினியே காட்டிக்கொடுக்கும். ‘இடம்’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘வலம்’ என்று எழுதியதை எந்தக் கணினியும் காட்டாது. வண்டியைத் தரையில் விட்டுப் பார்த்தவன் மட்டுமே காண்பான்.

பிழை தேடும் முறை

வண்டி ஓடாதபோது பிள்ளைகள் ஐந்து வயர்களை ஒரே நேரத்தில் கழற்றி மாற்றுவார்கள். அதன்பின் ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது. ஓடாவிட்டால் புதுப் பிழை சேர்ந்ததா என்றும் தெரியாது. ஆகவே நாம் சொல்லிவரும் முறை இது:

ஒவ்வொரு உறுப்பையும் தனியே சோதிக்க வேண்டும். மோட்டரைப் பற்றரியோடு மட்டும் இணைத்துச் சுழலுகிறதா என்று பார்க்க வேண்டும். உணரியைத் தனியே இணைத்துத் தூரத்தை வாசிக்க வேண்டும். பிறகே ஒன்றுசேர்க்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, அதையும் பலனையும் ஒரு கொப்பியில் எழுத வேண்டும்.

செய்நிரலைத் தொடுமுன் பல்மானியால் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும். வயர்களை மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். பற்றாசு பிடித்த இடம் மங்கலாகவும் உருண்டையாகவும் இருந்தால் சூடு போதவில்லை என்று பொருள்.

பாதுகாப்பும் முக்கியம். வீட்டு மின்சாரம் 230 வோல்ற். பழகும் பிள்ளை அதில் கைவைக்கக் கூடாது. லிதியம் பற்றரியின் இரு முனைகளும் நேரே தொடுபட்டால் தீப்பிடிக்கும். ஆளில்லாத நேரத்தில் அதை மின்னேற்றவும் கூடாது.

பெரியவர்களுக்கும் இதே கதிதான்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வில்லியம் கிரே வோல்ட்டர் என்ற மூளை ஆய்வாளர் 1948, 1949ஆம் ஆண்டுகளில் ஆமை போன்ற இரண்டு ரோபோக்களைச் செய்தார். எல்மர், எல்சி என்பவை அவற்றின் பெயர்கள். மூன்று சில்லு, ஓர் ஒளியுணரி, ஒரு தொடுவுணரி, இரண்டு வானொலி வால்வுகள்; யுத்தத்தில் மிஞ்சிய பொருட்களும் பழைய கடிகாரப் பற்சில்லுகளும் சேர்ந்த உடல். வெளிச்சத்தைத் தேடிப் போன அந்த ஆமைகள் அடிக்கடி பழுதாகின; ஓயாமல் பார்த்துத் திருத்த வேண்டியிருந்தது. ஆனாலும் ரோபோ வரலாறு அவற்றை மறக்கவில்லை. பழம்பொருளால் செய்தது, அடிக்கடி நிற்பது என்பவை வெட்கத்துக்குரிய காரியங்கள் அல்ல.

பெற்றாருக்கு ஒரு வார்த்தை

கலவரங்களாலும், விக்டோரியா, கொத்மலை நீர்த்தேக்கங்களாலும், மண்சரிவுகளாலும், 2025 நவம்பரில் வீசிய டித்வா புயலாலும் மண்ணை விட்டு வந்த குடும்பங்களுக்கு, கையிலுள்ள ஒவ்வொரு ரூபாவும் பெரிது. பிள்ளையின் ஓடாத வண்டியைப் பார்த்து, “காசைக் கரியாக்குகிறான்” என்று சொல்ல வாய் வருவது இயல்பு. அந்த நேரத்தில் சற்றுப் பொறுங்கள். போஞ்சிக் கொடி பழுத்தால் நீங்கள் உடனே வேரோடு பிடுங்குவதில்லை. இலையின் கீழ்ப்பக்கத்தைப் பார்க்கிறீர்கள், ஈரத்தைப் பார்க்கிறீர்கள், பசளையை நினைத்துப் பார்க்கிறீர்கள், ஒவ்வொன்றாகக் கழித்துக் காரணத்தைக் காண்கிறீர்கள். வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருக்கும் உங்கள் பிள்ளை செய்வதும் அதையேதான். “எதைச் சோதித்தாய்? இனி எதைப் பார்க்கப் போகிறாய்?” என்று கேளுங்கள். மின்சாரம் தெரியாத தாயும் கேட்கக்கூடிய கேள்வி அது. பதில் சொல்லும்போதே பிள்ளைக்குப் பிழை தென்படுவதுண்டு. இதை ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கவும் வேண்டாம்.

செலவைக் குறைக்க இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு பலகை வாங்கலாம். வண்டி பழகியபின் அதே பலகையும் அதே உணரியும் வேறு வேலைக்கு வரும். தண்ணீர்த் தாங்கியின் மேலே உணரியைப் பொருத்தினால், நீர் மட்டம் குறையும்போது மணி அடிக்கச் செய்யலாம். மண்ணின் ஈரம் அளக்கும் உணரியைச் சேர்த்தால் நாற்றுமேடைக்கு எப்போது தண்ணீர் வேண்டும் என்று காட்டச் செய்யலாம். விளையாட்டாகத் தொடங்கியது இப்படியும் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் வந்து சேரும்.

காணி உறுதி வெள்ளத்தில் போகலாம். காணியே சரிந்து போகலாம். நிற்கும் இயந்திரத்தின் முன் பதறாமல் உட்கார்ந்து, காரணத்தைத் தேடிப் பிடிக்கும் பழக்கம் எந்த முகாமுக்கும் எந்தப் புது ஊருக்கும் பிள்ளையோடு கூடவே போகும். ஆகையால், அன்பான பெற்றாரே, வீட்டின் ஒரு மூலையில் ஒரு மேசையையும், மாலையில் ஒரு மணி நேரத்தையும் பிள்ளைக்கு விட்டுக்கொடுங்கள். வண்டி முதல் நாளில் ஓடாது. இரண்டாம் நாளும் ஓடாதிருக்கலாம். கொப்பியில் எழுதிய பக்கங்கள் கூடிக்கொண்டு போகின்றனவா என்று மட்டும் பாருங்கள்.