செத்தவீட்டு முற்றமும் கிளினிக் வாங்கும்

யாழ்ப்பாணத்துச் செத்தவீடுகளில் முன்பு ஒப்பாரி சொல்லத் தெரிந்த கிழவிகள் இருந்தார்கள். பிரேதத்தைச் சுற்றியிருந்து, வருகிறவளைக் கட்டிப்பிடித்து, ராகமெடுப்பார்கள். இழப்பு மட்டுமா அதில் வரும்? சீதனக் காணியை எழுதித் தராத தமையன் மேலுள்ள கோபம் வரும். வருத்தமாய்க் கிடந்தபோது எட்டிப் பார்க்காத மகன் மேல் மனத்தாங்கல் வரும். தான் முன்பு சொன்ன சுடுசொல்லை நினைத்துத் தன்னையே நொந்துகொள்வதும் வரும். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும் முற்றத்தில் தமையனை ஒப்பாரி சொல்பவள் நேரே குற்றம் சொல்லலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், மறுநாள் அதைக் கிளறவும் மாட்டார்கள். எது துக்கம், எது கோபம், எது குற்றவுணர்வு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பெண்கள் அவர்கள். பிறகு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் கீரிமலையில் அந்தியேட்டி, ஆட்டைத் திவசம் என்று துக்கத்துக்கு நாளும் குறித்திருந்தது.

இதற்காக அது பொற்காலம் என்று நான் சொல்லமாட்டேன். அந்த முற்றத்துக்கு வெளியே வாய் திறக்க வழியில்லை. ஆண்பிள்ளை அழக்கூடாது. வீட்டில் ஒருவருக்கு மனம் குழம்பினால், மற்றவர்களின் கலியாணம் குழம்பிவிடுமென்று மூடி மறைத்தார்கள். கொழும்புக்குப் பக்கத்திலுள்ள அங்கொடை மனநல ஆஸ்பத்திரியின் பெயரே ஏச்சாகிவிட்டிருந்தது. சொல்ல முடியாததை உடம்பு சொன்னது: தலையிடி, நெஞ்சிடி, கைகால் உளைவு, ஓயாத பெருமூச்சு.

போர் அந்த முற்றத்தையும் பறித்தது. 1995 ஒக்டோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனம் லட்சக்கணக்கில் மழைக்குள் நாவற்குழிப் பக்கமாய்த் தென்மராட்சிக்கு நகர்ந்தது. வழியில் செத்தவர்களுக்கு ஏது ஒப்பாரி, ஏது எட்டு? காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வீட்டில் இன்னும் பெரிய சிக்கல். அந்தியேட்டி செய்தால் பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே ஒப்புக்கொண்டதாகிவிடும். செய்யாவிட்டால் துக்கத்துக்கு முடிவில்லை.

எங்கள் ஒழுங்கையில் அப்படியொரு தாய் இருந்தார். நெஞ்சுக்குள் அடைக்கிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போவார், ஈசிஜி எடுப்பார்கள். திரும்பி வந்து, “ஒண்டுமில்லையாம்” என்று கண்கலங்கச் சொல்வார். பிறகு யாரோ சொல்லி மனநல கிளினிக்குக்குப் போனார். அங்கே டொக்டர் கேட்டது, “எப்ப துவங்கினது, அம்மா?” அவ்வளவுதான். “அவன் போன அண்டு தொட்டு. நான்தான் கடைக்கு அனுப்பினனான், டொக்டர்.” ஒழுங்கையிலிருந்த எங்களில் ஒருவருக்கும் அவர் அதுவரை சொல்லாத வசனம் அது. நாங்களும் அப்படிக் கேட்டதில்லை.

இப்படிக் கேட்கும் பழக்கத்தை இங்கே ஒரு தலைமுறை பாடுபட்டு வளர்த்தது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்திலும் யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவம் பார்த்தார். போர் இந்தச் சமூகத்தின் மனத்தில் விட்ட காயங்களை 1998இல் ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலில் பதிந்தார். 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணையைச் சனத்துக்கு நெருக்கமாய்க் கொண்டுவந்தது. ஆசிரியர்களும் ஊர்மட்டப் பணியாளர்களும் பயிற்சி பெற்றார்கள். பதகளிப்போடு வருகிறவருக்கு மூச்சுப் பயிற்சியும், அவரவர் சமயத்துக்கேற்ற மந்திரமோ செபமோ சொல்லி மனத்தை அமைதிப்படுத்தும் முறையும் கற்றுக்கொடுத்தார்கள்.

இன்று பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி கிடைக்கும். கிளினிக் வாங்கில் இருப்பது முன்புபோல வெட்கக்கேடில்லை. செத்தவீடுகளிலோ ஒப்பாரி அடங்கிப்போய், ரொறன்ரோவிலிருக்கும் பிள்ளைகளுக்காகக் கமெரா ஓடுகிறது. கமெராவுக்கு முன்னால் தமையனை ஏச யாருக்குத் துணிவு வரும்? ஆனால் 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தைப் பாருங்கள். படங்களை ஏந்தித் தெருவோரத்தில் இருந்து, அழுதழுது அரசைக் கேள்வி கேட்கிறார்கள் அந்தத் தாய்மார். அழுகையும் கோபமும் அங்கே தனித்தனியே, தெளிவாகக் கேட்கின்றன.

இளம்பிள்ளைகள் வேறுமாதிரி. ‘ரென்ஷன்’, ‘டிப்பிரஷன்’ என்று கூச்சமில்லாமல் சொல்கிறார்கள். அது எனக்கு உண்மையாகவே சந்தோசம். அவர்களின் தாத்தாமாருக்கு அதுகூட வாய்க்கவில்லை. என் கவலை, அந்த ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடுவதுதான். சோதனைப் பயமும் அதுதான், காதல் முறிந்த அவமானமும் அதுதான். உண்மையான மனச்சோர்வு நோய்க்கு மருந்து வேண்டும், அதில் சந்தேகமில்லை. மற்றவற்றுக்கு, பக்கத்திலிருக்கும் ஒருவர் இன்னொரு தரம் கேட்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர் அப்படிக் கேட்பவர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கூட்டாளிகள் ஒவ்வொருவராய் வெளிநாடு போய்க்கொண்டிருந்த காலம். டிப்பிரஷன் என்று வந்தான் ஒரு பெடியன். “என்ன மாதிரிக் கிடக்கு, தம்பி?” என்றார். தெரியாது என்றான். யோசித்துவிட்டு வரச் சொன்னார். அடுத்த கிழமை வந்து, நிலத்தைப் பார்த்தபடி சொன்னானாம்: “அவங்களெல்லாம் போட்டாங்கள், சேர். எனக்குப் பொறாமையாக் கிடக்கு.”