கேமிங் கணினி நின்றுபோனால் யாரைக் கேட்பது?

சென்னை ரிச்சி தெருவில் உதிரி உதிரியாகத் தேர்ந்தெடுத்து அசெம்பிள் செய்த கேமிங் கணினிக்கு ஒரே வாரண்டி என்று எதுவும் கிடையாது. பிராசசருக்கு ஒரு நிறுவனம், மதர்போர்டுக்கு இன்னொரு நிறுவனம். கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்.எஸ்.டி., எஸ்.எம்.பி.எஸ். என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கெடு. கிராபிக்ஸ் கார்டுக்குப் பெரும்பாலும் 3 ஆண்டு, தரமான எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கு 5 முதல் 10 ஆண்டு வரை. லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய பெட்டி ஒருநாள் டிஸ்பிளே வராமல் நின்றுவிட்டால், எந்த உதிரி போனது என்று தெரியாதவரை எந்த நிறுவனத்திடமும் போய் நிற்க முடியாது. விற்ற கடைக்காரர் கம்பெனியைக் கை காட்டுவார். கம்பெனியின் சர்வீஸ் சென்டர், ‘எங்க பார்ட் நல்லாத்தான் இருக்கு’ என்று திருப்பி அனுப்பும். இந்த அலைக்கழிப்பில் சலித்துப்போய், வாரண்டி இருக்கும்போதே கைக்காசு போட்டுப் புது உதிரி வாங்கிவிடுகிறவர்கள் ஏராளம். அந்தச் செலவு பெரும்பாலும் தேவையே இல்லாதது.

பழுது எங்கே என்று ஓரளவு வீட்டிலேயே பார்த்துவிடலாம். மானிட்டர் கேபிள் கிராபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா, மதர்போர்டில் செருகப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வீடு மாற்றியபோதோ பெட்டியைத் துடைத்தபோதோ கேபிள் இடம் மாறியிருந்தால் திரை இருட்டாகவே இருக்கக்கூடும். அடுத்து, மதர்போர்டின் ஓரத்தைக் கவனியுங்கள். இப்போதைய போர்டுகள் பலவற்றில் சி.பி.யு., டிராம், வி.ஜி.ஏ., பூட் என்று எழுதிய நான்கு சிறு விளக்குகள் உண்டு. கணினியைப் போட்டதும் அவை ஒவ்வொன்றாக எரிந்து அணையும். எந்த விளக்கு அணையாமல் நிற்கிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். அதை உடனே செல்பேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பிற்பாடு சாட்சியாக உதவும். டிராம் விளக்கு அணையாமல் நின்றால் பிளக்கைக் கழற்றிவிட்டு, ராமை எடுத்து மறுபடி அழுத்திப் பொருத்தி, ஒற்றை ராமோடு ஓட்டிப் பாருங்கள். டி.டி.ஆர்.5 ராம் புதிதாகப் போட்டிருந்தால், முதல் முறை சில நிமிடம் திரை வராமல் இருப்பது இயல்பு. அவசரப்பட்டு அணைத்துவிடாதீர்கள்.

எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பிரிக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் உள்ள கெப்பாசிட்டரில் ஆளைத் தூக்கியடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கலாம். கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்று அடித்தால் வீட்டு எர்த் இணைப்பில் கோளாறு இருக்கக்கூடும்; கணினிக்காரரைவிட முதலில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். கருகிய வாடை வந்தாலோ, கிராபிக்ஸ் கார்டுக்குப் போகும் பவர் கனெக்டர் உருகியிருந்தாலோ மறுபடி ஓட்டிப் பார்க்காதீர்கள். உருகிய இடத்தைப் படமெடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

தவறான உதிரியைக் குற்றம் சொன்னால் என்ன ஆகும் என்பதற்கு இன்டெல் நிறுவனத்தின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் பெரிய பாடம். விளையாட்டு தொடங்கும்போது ‘வீடியோ மெமரி போதவில்லை’ என்று பிழைச்செய்தி வந்து கணினி நின்றுவிடும். படித்தவர்கள் இயல்பாகவே கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள். கார்டில் ஒன்றுமில்லை; பிராசசர் தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு வாங்கித் தன்னைத்தானே சிதைத்துக்கொண்டிருந்தது. 2024-இல் இன்டெல் இதை ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மதர்போர்டு பயாஸ் வழியாகத் திருத்தம் வந்தது. ஏற்கெனவே சிதைந்த பிராசசரை அந்தத் திருத்தத்தால் மீட்க முடியாது என்பதால், பாதிப்புக்குள்ளாகும் மாடல்களுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்தது. நிறுவனப் பெட்டியோடு வாங்கிய பிராசசருக்கு மொத்தம் 5 ஆண்டு. 2023-இல் வாங்கியவருக்கு 2028 வரை உரிமை இருக்கிறது. பெட்டி இல்லாமல் ‘டிரே’ பிராசசராக வாங்கியவர்கள் விற்ற கடையையோ கணினி கட்டிக்கொடுத்த நிறுவனத்தையோதான் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக் கணினியில் இந்தத் தலைமுறை பிராசசர் இருந்து, விளையாட்டு அடிக்கடி முறிந்து விழுந்தால், கார்டை மாற்றும் முன் இதைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

வாரண்டி மறுக்கப்படுவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் என்னை மிகவும் கோபப்படுத்துவது ‘பின் வளைஞ்சிருக்கு சார்’ என்பது. பிராசசர் உட்காரும் சாக்கெட்டில் மிக மெல்லிய பின்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இன்டெல்லின் எல்.ஜி.ஏ. 1700 சாக்கெட்டில் 1700, ஏ.எம்.டி.யின் ஏ.எம். 5 சாக்கெட்டில் 1718. ஒன்று வளைந்தாலும் ‘பிசிக்கல் டேமேஜ்’ என்று முத்திரை குத்தி வாரண்டியை மறுத்துவிடலாம். வளைத்தது நீங்களா, கொண்டுபோன கூரியரா, சோதித்த ஊழியரா என்று யாருக்கும் தெரியாது. பழி மட்டும் உங்கள் மேல் விழும். எனவே மதர்போர்டைக் கொடுக்கும் முன் செல்பேசி டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, சாக்கெட்டைக் கிட்டத்தில் வீடியோ எடுங்கள். நேராக உள்ள பின்களின் நுனிகள் ஒரே சீராக மின்னும். வளைந்தது மட்டும் வரிசை தப்பித் தெரியும். அதே வீடியோவில் போர்டின் சீரியல் எண்ணும் வரட்டும். பிறகு போர்டோடு வந்த பிளாஸ்டிக் மூடியைப் போடுங்கள். அந்த மூடியைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அவசியம். அது இல்லை என்பதற்காகவே வாங்க மறுக்கும் சென்டர்கள் உண்டு. முடிந்தால் கவுண்டரிலேயே ஊழியரைச் சாக்கெட்டைப் பார்க்கச் சொல்லி, ‘பின்கள் சரியாக உள்ளன’ என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள்.

முழுப் பெட்டியையும் கடையில் விட்டுவிட்டு வருவதானால் கிராபிக்ஸ் கார்டு, ராம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் சீரியல் எண்களை ஜாப் ஷீட்டில் குறிக்கச் சொல்லுங்கள். ‘சி.பி.யு. ஒன்று’ என்று மட்டும் எழுதிய சீட்டு, உதிரி மாற்றப்பட்டால் எதையும் நிரூபிக்காது. பழுதுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் தொடர்பில்லை என்றால் அதைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்வது மேல். வங்கிக் கடவுச்சொல்லும் குடும்பப் படங்களும் அதில்தானே இருக்கின்றன. இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. விண்டோஸ் 11 உள்ள கணினிகள் பலவற்றில் டிரைவ் தானாகவே பிட்லாக்கர் முறையில் பூட்டப்பட்டிருக்கும். மதர்போர்டை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது இல்லாவிட்டால் உள்ளே உள்ள கோப்புகள் போனதுதான். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று கணினி நன்றாக இருக்கும்போதே பார்த்து, தாளில் எழுதி வையுங்கள்.

கூகுளில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்ணை நம்பிக் கூப்பிடாதீர்கள். கணினியைத் தொலைவிலிருந்து இயக்க உதவும் எனிடெஸ்க் செயலியைப் போடச் சொல்லிக் கணக்கைத் துடைத்தெடுக்கும் கும்பல்களின் எண்கள் அவற்றில் கலந்திருக்கின்றன. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலோ உதிரி வந்த பெட்டியிலோ உள்ள எண்ணையே நம்புங்கள். பணம் போய்விட்டால் அந்த நிமிடமே 1930-க்கு அழைக்க வேண்டும்.

இனி பில். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் மிச்சம் என்று ‘எஸ்டிமேட்’ சீட்டோடு வாங்குவது, நாளைக்குப் பேச வேண்டிய வாயை இன்றைக்கே கட்டிக்கொள்வது. அதைவிடச் சிக்கலானது, வரியைக் கழித்துக்கொள்ளலாம் என்று நண்பரின் கம்பெனி பேரில் பில் போடுவது. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்ல. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கியவருக்கு மட்டும் விலக்கு உண்டு. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது இதைத்தான். பில் உங்கள் பேரில், ஒவ்வொரு உதிரியின் சீரியல் எண்ணோடு இருக்கட்டும்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள்ளோ, கெடு எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள்ளோ திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். இணையத்தில் வாங்கியிருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். கடையில் வாங்கியிருந்தால் கடைக்காரர், நிறுவனம் இருவருக்கும் ஒரே மின்னஞ்சல் அனுப்புங்கள். பில், ஜாப் ஷீட், வீடியோ எல்லாம் அதில் இணைந்திருக்கட்டும். 15 நாள் என்று ஒரு கெடுவையும் எழுதுங்கள். போனில் பேசியது எதற்கும் ஆதாரமில்லை.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலேயே பேசலாம். அங்கே கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லை என்றாலும், அவர்கள் அனுப்பும் புகாருக்குப் பிறகு பல நிறுவனங்கள் இறங்கிவருகின்றன. அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கடை சென்னையில் இருந்தாலும் நீங்கள் தென்காசியில் குடியிருந்தால் உங்கள் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். பழுதை நீக்கவும், மாற்றித் தரவும், பணத்தைத் திருப்பித் தரவும், மன உளைச்சலுக்கு இழப்பீடு தரவும் உத்தரவிடும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு.

வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். ‘பார்ட் ஆர்டர் போட்டிருக்கோம், அடுத்த வாரம் வாங்க’ என்று சொல்லச் சொல்ல ஓடுவது அந்தக் கெடுதான். சர்வீஸ் சென்டர் அப்படிச் சொன்ன அன்றே, ‘இன்ன தேதியில் இப்படிச் சொன்னீர்கள்’ என்று இரண்டு வரி மின்னஞ்சல் போட்டுவிட்டு வாசலைக் கடந்து வாருங்கள்.