இரு கடல், ஒரு காற்று

ஆடி பிறந்தால் விருத்தாசலத்தில் கண்ணைத் திறந்து நடக்க முடியாது, அவ்வளவு புழுதி. பீங்கான் தொழிலால் பேர் பெற்ற இந்த ஊரில் தொல்லையாக வீசும் அதே தென்மேற்குக் காற்றைத் தேடித்தான் சிலர் தோளில் பட்டத்தோடு ராமேசுவரம் போகிறார்கள். நம் சந்திப்பு வழியாகவே ரயில் உண்டு.

காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. அதற்குக் கீழே, ஏறத்தாழ 25 முதல் 45 வரை வீசினால், பட்டம் இழுக்க நீரின்மேல் சறுக்கும் கைட் சர்ஃபிங்குக்குத் தோதான காற்று. காலடியில் பலகை, இடுப்பு வாரில் மாட்டிய கயிறுகள், இருபது மீட்டருக்கும் அப்பால் வானில் பட்டம். தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும்பும் காற்றடைத்த பட்டத்துக்கு பிரான்ஸின் லெகெனூ சகோதரர்கள் 1984இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த விளையாட்டு பதக்கப் போட்டியாகிவிட்டது. ராமேசுவரம் பகுதியில் பயிற்சி தருகிறார்கள். ஆழமில்லாத, அலையடங்கிய இடங்கள் அங்கே இருக்கின்றன.

தனுஷ்கோடி அப்படியல்ல. 1964 டிசம்பர் புயல் ஓர் ஊரையே வாரிச் சுருட்டிய மணல்திட்டு அது. தெற்கே மன்னார் வளைகுடா, உள்ளூர்ப் பேச்சில் ஆண் கடல். வடக்கே பாக் விரிகுடா, பெண் கடல். ஆனி, ஆடியில் ஆண் கடல் கரையைப் போட்டு அறையும். சாலையைக் கடந்து மறுபக்கம் போனால் பெண் கடல் தகடுபோல் கிடக்கும். வெளியூர்க்காரர் ஏமாறுவது இங்கேதான். அந்தப் பக்கம் காற்று கரையிலிருந்து கடலுக்குள் வீசுகிறது. கயிறு அறுந்தாலோ, பட்டம் எழாமல் போனாலோ ஆள் கரைக்கு ஒதுங்கமாட்டார்; இலங்கை எல்லையை நோக்கி இழுத்துக்கொண்டு போகும். மார்கழியில் வாடை திரும்பியதும் எல்லாம் தலைகீழ்: ஆண் கடல் அடங்கிக் கிடக்கும், ஆபத்தும் அந்தப் பக்கமே போய்விடும்.

காற்றின் வேகத்தைக் கைபேசி சொல்லிவிடும். நீவாடு என்னும் நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எப்போது தணியும் என்பதெல்லாம் அங்கே வலை வீசிப் பிழைப்பவர்களுக்கு அத்துபடி. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளே இந்த விளையாட்டின் பயிற்றுநர்களாக வர வேண்டும். அந்த வேலையில் முதல் உரிமை அவர்களுக்குத்தான்.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதிதாகக் கற்பவர் தனுஷ்கோடியில் இறங்க வேண்டாம். தேர்ந்தவரும் தனியாக இறங்க வேண்டாம். பட்டத்தை விரிக்கும் முன், கரையில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால், அன்றைக்குப் பட்டத்தை மடித்துவிடுங்கள்.