டீசல் டேங்கில் தண்ணீருக்கு என்ன வேலை?

பாய்மரப் படகுக்குத்தான் காற்று இருக்கிறதே, டீசலைப் பற்றி எதற்குக் கவலை என்று கேட்கலாம். நடுக்கடலில் அந்தக் கேள்வி சரி. துறைமுக வாயிலில், இரண்டு பக்கமும் பாறைச் சுவர், எதிர்க்காற்று, பின்னால் ஒரு சரக்குக் கப்பல் என்ற நிலையில் உங்களைக் கரை சேர்ப்பது எஞ்சின்தான். அழுக்கு டீசலால் எஞ்சின் நிற்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஏன் அங்கே? ஏழெட்டு மாதமாக டேங்கின் அடியில் அமைதியாகக் கிடந்த கசடு, கரையோர அலையில் படகு குலுங்கும்போது மேலே கிளம்பும். அதை எஞ்சின் உறிஞ்சும், ஃபில்டர் அடைக்கும். உங்களுக்கு எஞ்சின் அவசரமாகத் தேவைப்படுவதும் அதே அலையில்தான்.

மீன்பிடி விசைப்படகுகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. அங்கே டீசல் நிரப்புவதும் தீர்வதும் அன்றாட வேலை, எண்ணெய் பழசாக நேரமில்லை. பாய்மரப் படகில் நிலைமை வேறு. 10 மீட்டர் நீளமுள்ள படகில் 20, 30 குதிரைத்திறன் எஞ்சினும் 100 லிட்டர் டேங்கும் இருக்கும். கிளம்பும்போது அரை மணி, திரும்பும்போது அரை மணி ஓட்டினால் மூன்று லிட்டர்கூடச் செலவாகாது. போன வருடம் ஊற்றிய டீசல் இந்த வருடமும் அதே டேங்கில் இருக்கும்.

கிடந்தால் டீசல் கெட்டுப்போகுமா? சுத்தமான டீசல் சில மாதங்களில் கெடாது. அதைக் கெடுப்பது தண்ணீர். டீசல் தண்ணீரைவிட லேசானது, லிட்டருக்கு ஏறத்தாழ 830 கிராம்தான். அதனால் உள்ளே போன தண்ணீர் அடியில் தங்கும். மேலே எண்ணெய், கீழே தண்ணீர், இரண்டும் தொடும் அந்த மெல்லிய எல்லையில் பூஞ்சையும் பாக்டீரியாவும் குடியேறும். உணவு மேலே இருக்கிறது, ஈரம் கீழே இருக்கிறது. 1950களிலும் 60களிலும் ஜெட் விமானங்களின் எரிபொருள் டேங்குகளைப் பாடாய்ப் படுத்திய 'மண்ணெண்ணெய்ப் பூஞ்சை' இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். வெப்பமண்டலக் கடலின் இளஞ்சூடு அதற்கு ரொம்பப் பிடிக்கும்.

தண்ணீர் இல்லாவிட்டால் இந்தக் கிருமிகள் பெருகாது. ஆகவே டீசலைச் சுத்தமாக வைப்பது என்றால் முதலில் தண்ணீரைத் தடுப்பது, பிறகு வந்த தண்ணீரை வெளியேற்றுவது.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது? "பாதி டேங்க் காலியாக இருந்தால் இரவில் ஈரக்காற்று குளிர்ந்து உள்ளே தண்ணீர் சொட்டும், எப்போதும் நிரப்பியே வை" என்று எல்லாரும் சொல்வார்கள். நிரப்பி வைப்பது நல்லதுதான். ஆனால் குற்றவாளி அதுதானா என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் ஈரத்தைத்தான் தாங்கும். உங்கள் டேங்கில் 50 லிட்டர் காற்று இருந்தால் அதிலுள்ள மொத்த ஈரம் ஒன்றரை கிராம். பகலுக்கும் இரவுக்கும் 15 டிகிரி வித்தியாசம் இருந்தாலும் டேங்க் ஒரு நாளில் புதிதாக இழுக்கும் காற்று இரண்டரை லிட்டர். அந்தக் காற்றின் ஈரம் முழுவதும் தண்ணீராகி உள்ளேயே தங்கினால்கூட ஆறு மாதத்தில் மூன்று தேக்கரண்டி தேறாது.

அப்படியானால் அடியில் நிற்கும் ஒரு தம்ளர் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மேல்தளத்தில் இருக்கும் டீசல் மூடியை முதலில் சந்தேகப்படுங்கள். அதற்குள் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். வெயிலில் காய்ந்து அது வெடித்துவிட்டால், தளத்தில் தேங்கும் மழைநீரும் அலைநீரும் நேராக டேங்குக்குள் போகும். வருடத்துக்கு ஒரு முறை வளையத்தை மாற்றி, கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள். இதைவிட மலிவான பராமரிப்பு படகில் வேறு இல்லை.

இரண்டாவது, டேங்க் மூச்சுவிடும் குழாய். அதன் வாய் படகின் பக்கவாட்டில் தாழ்வாக இருந்தால், படகு சாய்ந்து ஓடும்போது கடல்நீர் ஏறும். குழாயை உள்ளே உயரமாக வளைத்து இறக்கியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

மூன்றாவது வழியைச் சொன்னால் சிரிப்பீர்கள். தளத்தில் குடிநீருக்கு ஒரு துளை, டீசலுக்கு ஒரு துளை, இரண்டும் ஒரே ஜாடை. டீசல் துளையில் குடிநீர்க் குழாயைச் செருகியவர்கள் அனுபவசாலிகளிலும் உண்டு. டீசல் மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

விற்பவரிடமிருந்தே அழுக்கு வந்தால்? சின்னத் துறைகளில் டீசல் பெரும்பாலும் கேனில்தான் வந்து சேரும். கேனை ஓர் இரவு அசையாமல் வைத்து, மறுநாள் மெதுவாக ஊற்றி, அடியில் உள்ள கடைசி அரை லிட்டரை விட்டுவிடுங்கள். தண்ணீரைத் தடுக்கும் பூச்சுள்ள வலை வைத்த புனல் கிடைக்கிறது, வாங்கலாம். பம்பிலேயே நிரப்பினாலும் முதல் வீச்சை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். கலங்கலாக இருந்தால் வாங்காதீர்கள்.

ஊருக்கு ஊர் டீசலே வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். இந்தோனேசியாவில் 2020 முதல் விற்பனை டீசலில் 30 சதவீதம் பனையெண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் (தாவர எண்ணெயிலிருந்து எடுக்கும் எரிபொருள்) கலக்கத் தொடங்கினார்கள். பயோடீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும், கிருமிகளும் அதை எளிதில் தின்னும். அந்தப் பக்கம் நிரப்பினால் சீக்கிரம் செலவழியுங்கள். நிரப்பிய கையோடு படகை மாதக்கணக்கில் கட்டிப்போட வேண்டாம்.

உள்ளே என்ன இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது? படகை இரண்டு நாள் ஆடாமல் கட்டுங்கள். டேங்கின் மிகத் தாழ்ந்த மூலை எது என்று பாருங்கள். அங்கே மெல்லிய செப்புக் குழாயை இறக்கி, கைப் பம்பால் ஒரு லிட்டர் உறிஞ்சிக் கண்ணாடி ஜாடியில் விடுங்கள். அரை மணி பொறுத்தால் ஜாடியில் உள்ளது அடுக்கடுக்காகப் பிரியும். மேலே தேன் நிறத்தில் டீசல். அடியில் தெளிந்த தண்ணீர். நடுவே கறுப்பாக, ஊறிய பாசிபோல் ஒரு படலம் தொங்கினால் பூஞ்சை வந்துவிட்டது என்று பொருள். குச்சியால் தொட்டால் வழுவழுவென்று இழுபடும்.

மருந்து ஊற்றினால் போதாதா? கிருமி கொல்லும் மருந்து இருக்கிறது. ஆனால் செத்த பூஞ்சையும் ஃபில்டரை அடைக்கும். முதலில் தண்ணீரையும் படலத்தையும் வெளியே எடுங்கள். முடிந்தால் டேங்கின் மூடியைத் திறந்து துடையுங்கள். பிறகு டப்பாவில் எழுதியுள்ள அளவில் மருந்து விடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. தண்ணீரை டீசலோடு கலக்கச் செய்வதாகச் சொல்லும் திரவங்களை நான் வாங்கமாட்டேன். கலந்த தண்ணீரைச் சாதாரண ஃபில்டரால் பிரிப்பது கடினம், அது இன்ஜெக்டர் (டீசலைத் தூறலாகத் தெளிக்கும் பாகம்) வரை போய்விடும்.

ஃபில்டர்கள் எதற்கு இருக்கின்றன? கடைசிக் காவலுக்கு. டேங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே, அடியில் கண்ணாடிக் கிண்ணம் உள்ள முதல் ஃபில்டர் இருக்க வேண்டும். கிண்ணத்தில் தண்ணீர் தங்கும், திருகைத் தளர்த்தி வடிக்கலாம். அதற்கு 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவு போதும். மிக நுண்ணிய 2 மைக்ரானை இங்கேயே போட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சினில் உள்ள இரண்டாவது ஃபில்டர் பார்த்துக்கொள்ளும். ஒவ்வொரு முறை கிளம்பும் முன்பும் கிண்ணத்தின் மேல் டார்ச் அடித்துப் பாருங்கள், ஐந்து நொடி வேலை.

எல்லாம் செய்தும் நின்றுவிட்டால்? வேகத்தைக் கூட்டினால் திணறி, குறைத்தால் தெளிந்து, பிறகு மெல்ல அடங்கினால் ஃபில்டர் அடைத்திருக்க வாய்ப்பு அதிகம். எஞ்சினைப் பிறகு பார்க்கலாம், முதலில் பாயை ஏற்றுங்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது பாயைச் சுருட்டிக் கட்டிவிடாமலும் நங்கூரத்தைத் தயாராகவும் வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபில்டரை மாற்றினால் குழாயில் காற்று புகும், 'ஏர் எடுக்காமல்' எஞ்சின் கிளம்பாது. டேங்க் பக்கமிருந்து தொடங்கி ஒவ்வொரு ஏர் திருகையும் கொஞ்சம் தளர்த்தி, கைப் பம்பை அழுத்துங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியில்லாத டீசல். அப்போது திருகை இறுக்குங்கள். இதை முதல் முறையாக அலையில் செய்யாதீர்கள். அமைதியான ஒரு ஞாயிறு காலையில், படகு கட்டிக் கிடக்கும்போதே ஒரு தடவை செய்து பாருங்கள். எந்த அளவு ஸ்பேனர் தேவைப்பட்டதோ, அதை எஞ்சின் பக்கத்திலேயே கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.