இரும்புச்சத்து மாத்திரைக்கு அடங்காத ரத்தசோகை

பிறந்து ஆறு மாதம் வரை குழந்தையிடம் ஒரு குறையும் தெரியாது. அதன்பிறகு முகம் வெளுக்கும், பால் குடிக்கும்போதே சோர்ந்துபோகும், மண்ணீரல் வீங்கி வயிறு உப்பும். பரிசோதித்தால் பீட்டா தலசீமியா மேஜர் என்ற பரம்பரை ரத்த நோய் என்று வரும். அன்றிலிருந்து இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். அப்படி ஏற்றும் ரத்தத்தால் உடம்பில் சேரும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து. “எங்கள் இருவர் குடும்பத்திலும் யாருக்கும் இது இல்லையே” என்பார்கள் பெற்றோர்.

உண்மைதான், இருந்திருக்காது. தாய்க்கும் தந்தைக்கும் பழுதான மரபணு ஒன்று, நல்லது ஒன்று இருந்தால் இருவருமே நலமாகத்தான் நடமாடுவார்கள். இவர்களே ‘கேரியர்’கள், நோயாளிகள் அல்லர். இருவருமே கேரியராக அமைந்துவிட்டால், குழந்தைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 சதவீதம். முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. ஒவ்வொரு கர்ப்பத்துக்கும் சீட்டு புதிதாகத்தான் குலுக்கப்படுகிறது.

இந்தியர்களில் 3 முதல் 4 சதவீதம் பேர் பீட்டா தலசீமியா கேரியர்கள் என்பது மதிப்பீடு. நீலகிரியின் இருளர், பணியர், குறும்பர் மக்களிடையே, இதேபோல் பரம்பரையாக வரும் சிக்கிள் செல் என்ற ரத்த நோயின் மரபணு காணப்படுகிறது. தமிழ்நாட்டில் கூடுதல் கவனம் தேவைப்பட இன்னொரு காரணமும் உண்டு: தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாவது சுற்றுப்படி, இங்கே நூற்றுக்குச் சுமார் 28 திருமணங்கள் சொந்தத்தில் நடந்தவை. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பழுதான மரபணுவைப் பெற்றிருக்கலாம். தாய்மாமனை மணந்தால் அந்த வாய்ப்பு இன்னும் அதிகம்.

கேரியரா என்பதற்கான முதல் துப்பு சாதாரண ரத்தப் பரிசோதனைச் சீட்டிலேயே இருக்கும். ஹீமோகுளோபின் சற்றுக் குறைவு, சிவப்பணு எண்ணிக்கையோ அதிகம், சிவப்பணுவின் பருமனைச் சொல்லும் எம்.சி.வி. என்ற வரியில் 80-க்கு வெகு கீழே 65, 68 என்று ஒரு எண். இதை வெறும் ரத்தசோகை என்று நினைத்து மாதக்கணக்கில் இரும்புச்சத்து மாத்திரை விழுங்கியவர்கள் ஏராளம். அடுத்து, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் எச்.பி.எல்.சி. பரிசோதனை. அதில் ஹீமோகுளோபின் ஏ2 அளவு 4 சதவீதத்தைத் தாண்டினால் பெரும்பாலும் கேரியர். இரும்புச்சத்து குறைந்திருக்கும்போது இந்த அளவு தாழ்ந்து காட்டக்கூடும் என்பதால், எல்லைக்கோட்டில் வரும் முடிவை மருத்துவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

நூற்றுக்கணக்கான நோய்களை ஒரே ரத்த மாதிரியில் அலசும் மரபணுப் பரிசோதனைகளும் வந்துவிட்டன. 16 கோடி ரூபாய் ஊசியால் பலரும் அறிந்த முதுகுத்தண்டு தசைநார்ச் சிதைவு நோய்க்கான பரிசோதனையும் அவற்றில் அடக்கம். சொந்தத்தில் மணந்தவர்களும், குடும்பத்தில் பரம்பரை நோய் உள்ளவர்களும் மரபணு ஆலோசகரைக் கேட்டு எடுக்கலாம். விளம்பரத்தைப் பார்த்து எடுக்க வேண்டியதில்லை. குறை இல்லை என்று வந்தாலும் ஆபத்து குறைகிறதே தவிர, பூஜ்யமாவதில்லை.

இருவரும் கேரியர் என்றாலும் வழிகள் உண்டு. கர்ப்பத்தின் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவையோ, 15 வாரத்துக்குப் பின் பனிக்குட நீரையோ எடுத்துச் சிசுவுக்கு நோய் உண்டா என்று அறியலாம். சோதனைக் குழாய் முறையில் கருவைப் பரிசோதித்தபின் கருப்பையில் வைப்பதும் நடக்கிறது. எதைத் தேர்வது என்பது தம்பதியின் முடிவு. மாமியாரோ மருத்துவரோ தீர்மானிக்கும் விஷயமல்ல.

நம் வீடுகளில் இந்தப் பரிசோதனை பெண்ணோடு நின்றுவிடுகிறது, பழியும் அவள் மேலேயே விழுகிறது. குழந்தைக்குத் திட்டமிடும் கணவர்களே, மனைவியின் சீட்டில் சந்தேகம் எழுந்தால் தாமதிக்காமல் நீங்களும் ரத்தம் கொடுங்கள். ஒருவர் மட்டுமே கேரியர் என்று உறுதியானால், குழந்தைக்கு தலசீமியா மேஜர் வராது.