பனிக்குக் கீழே இருக்கும் புல்

சுவிட்சர்லாந்தின் பெர்ன் மாநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது க்ஸ்டாட். பனிச்சறுக்கு விளையாட உலகப் பணக்காரர்கள் வந்து தங்கும் மலைக் கிராமம். நான் அங்கே பார்க்க விரும்பியது பனியை அல்ல. அதற்குக் கீழே இருக்கும் புல்லை.

க்ஸ்டாட் அடங்கிய ஊராட்சியின் பெயர் சானன். நம் கால்நடைப் பாடநூல்களில் வரும் வெள்ளைநிறப் பால் ஆட்டுக்குப் பெயர் கொடுத்த ஊர் இதுதான். கர்னால் தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் பீட்டல் ஆடுகளுடன் இதைக் கலப்பினம் செய்திருக்கிறார்கள்.

மூன்று படி மேய்ச்சல்

குளிர்காலம் முழுக்க மாடுகள் பள்ளத்தாக்குத் தொழுவத்தில் உலர்புல் தின்கின்றன. பனி உருக உருக நடுமலைக்கும், கோடையில் உச்சி மேய்ச்சல் நிலத்துக்கும் ஏறுகின்றன. மேலே சுமார் 100 நாள் இருக்கும். அங்கே கறக்கும் பால் அங்கேயே பாலாடைக்கட்டி ஆகிறது. அதற்குள் கீழே உள்ள புல்லை அறுத்து, காயவைத்து, குளிர்காலத்துக்குச் சேமித்துவிடுகிறார்கள். கோடை முடிவில் பூச்சூடி, மணி கட்டிய மாடுகள் க்ஸ்டாட் கடைவீதி வழியாகவே இறங்குகின்றன. இந்தக் கோடை மேய்ச்சல் மரபை யுனெஸ்கோ 2023-ல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

மாடு மேயாவிட்டால்?

மேயாத, அறுக்காத சரிவில் நீண்ட புல் பனியின் பாரத்தில் கீழ்நோக்கிப் படுத்துவிடும். கூரை ஓலையில் மழைநீர் வழிவதுபோல, அதன்மேல் பனி மொத்தமாக வழுக்கி இறங்கும். கட்டையாக மேய்ந்த தரையில் பனிக்குப் பிடிமானம் அதிகம். பல ஆண்டுகள் கைவிட்டால் ஆல்டர் புதர் ஏறி, மேய்ச்சல் நிலமே போய்விடும். ஆக, விளையாட்டு மைதானத்தைக் காப்பது மாடுதான்.

விளையாட்டால் விவசாயிக்குச் சேதமும் உண்டு. சறுக்குத் தடத்தில் இயந்திரம் அழுத்திய பனி தாமதமாக உருகும், புல் தாமதமாகத் துளிர்க்கும், விளைச்சல் குறையும்.

பராமரிப்புக்கும் கூலி

நிலவனப்பைப் பேணுவதும் விவசாயத்தின் கடமை என்ற அரசியலமைப்புப் பிரிவை 1996-ல் சுவிஸ் மக்கள் வாக்களித்து ஏற்றனர். அதன்படி கோடை மேய்ச்சலுக்கும் சரிவு நில விவசாயத்துக்கும் அரசு நேரடியாகப் பணம் தருகிறது. சரிவு கூடினால் தொகையும் கூடும். அப்படியும் பண்ணைகளின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வருகிறது.

வெப்பம் ஏற ஏற, தாழ்வான சறுக்கு ஊர்களில் பனி குறைகிறது. பனி போனாலும் அந்த ஊர்களிடம் மிஞ்சப்போவது புல்வெளிதான். அதைக் காப்பவர் மலையில் தங்கினால்தான் ஊரும் தங்கும்.